சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்

டாலீஸ் நெக் தீயணைப்பு நிலையத்தில்
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
மடக்கு மேசைகள் போட்டிருந்தார்கள்.
வரைபடத்தை விரித்தேன்.
மூலைக்கொரு காபிக் கோப்பை, சுருண்டுவிடாமல் இருக்க.
நீலம்: இன்று.
அடர்நீலம்: இரண்டாயிரத்து ஐம்பது.
அதற்கடுத்த நிறத்துக்கு அலுவலகம் பெயர் வைக்கவில்லை.
கத்தரிப்பூ நிறம் என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மேரிலாந்து மாநிலக் கடலோரத் தாங்குதிறன் திட்டம்,
இரண்டாம் வரைவு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தாங்குதிறன்.
ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போகும் சொல்.
என் மொழியில் வைத்ததும் நின்று கேட்கிறது:
தாங்குவது யார்?
எதை?
எத்தனை நாளைக்கு?

பதினொரு வீடு. ஒரு தேவாலயம்.
நண்டுக்கூண்டுகள் அடுக்கிய படகுத்துறை.
வெளியே போக ஒரே சாலை.
அதன் இருபுறமும் உப்பேறி
நின்றபடியே செத்த பைன் மரங்கள்,
பட்டை உரிந்து, வெளுத்து,
விழச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் நிற்கின்றன.

நண்டு பிடிக்கும் எல்வுட் டுவில்லி எழுந்தார்.
என் வீடு எந்த நிறம் என்று கேட்கவில்லை.
"இந்தக் கோட்டை எதை வைத்துப் போட்டீர்கள்?"
விமானத்திலிருந்து ஒளி பாய்ச்சி அளந்தோம், என்றேன்,
அரையடிக்குள் துல்லியம்.
"அரையடியா?
அரையடித் தண்ணீரில்தான்
என் மகன் கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
நடந்த கதை என்று பிறகு தெரிந்தது.

தலைக்கு மேல் போன வெள்ளம்
சாண் போனாலென்ன, முழம் போனாலென்ன?
எளிதாகச் சொல்லிவிட்டோம்.
சொன்னவர் மானியக் குழுவில் உட்கார்ந்திருக்க மாட்டார்.
சாண் என்றால் சாலையை உயர்த்தலாம்.
முழம் என்றால் வீட்டை விலைக்கு வாங்கி, இடித்து,
புல் விதைத்து,
'திட்டமிட்ட பின்வாங்கல்' என்று ஒரு பத்தியில் அடக்கலாம்.
சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான்
என் மேசை, என் சம்பளம்,
என் பல் மருத்துவக் காப்பீடு.

கூட்டம் கலைந்தபின் ஒருவர் மட்டும் தங்கினார்.
நோரீன் பார்க்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்றார்.

சாலை பள்ளமாகும் இடத்தில் 'நில்' பலகை.
அதன் கம்பத்தில் நகப்பூச்சுக் கோடுகள்.
பவழ நிறம்: மெதுவாகப் போ.
சிவப்பு: வண்டியைத் திருப்பு, பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.
அதற்கும் மேலே மினுமினுக்கும் வெள்ளி:
"இது போன அக்டோபர்.
அன்றைக்குக் கைப்பையில் இதுதான் இருந்தது."
பின்பக்கம் ஆறு வருடத் தேதிகள், ஆணியால் கீறி.

மழை பெய்து பத்து நாளாயிருந்தது.
பௌர்ணமிக்கு மறுநாள், துடைத்துவைத்த வானம்.
பேசிக்கொண்டிருக்கையிலேயே
வாய்க்காலிலிருந்து ஓதம் ஏறி வந்தது,
கதவைத் தட்டாத வீட்டுக்காரர்போல.
இந்தப் பள்ளம் வருடத்துக்கு மூன்று முறை நனையும் என்கிறது என் கணிப்பு.
கம்பத்தில் எண்ணினேன்.
சென்ற வருடம் மட்டும் நாற்பத்தொன்று.

அனாபலிஸ் திரும்பி
தரவு எங்கிருந்து என்ற கட்டத்தைத் திறந்தேன்.
செயற்கைக்கோள், ஓதமானி, கணினி மாதிரி, மற்றவை.
மற்றவைக்கு இருபது எழுத்துதான் இடம்.
நகப்பூச்சு என்று அடித்தேன்.
மேலதிகாரி கெஸ்லர் கூப்பிட்டார்.
துல்லியம் எவ்வளவு?
தூரிகை அகலம், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

டாலீஸ் நெக் இன்னும் நான்காம் முன்னுரிமையில்தான் இருக்கிறது.
நான் கேட்காமலே
விடிகாலை ஐந்தரைக்கு நோரீன் ஒரு சொல் அனுப்புகிறார்.
பவழம். பவழம். சிவப்பு.
போன செவ்வாய்க்கிழமை: வெள்ளி.
(என் மொழியில் மட்டும் அது கிழமைக் குழப்பம்.)

இன்று ஆறேகால் ஆகிறது.
இன்னும் ஒன்றும் வரவில்லை.